கேள்வி பதில்: மான்செஸ்டர் ‘பேபி’யும் மும்பை டிஃப்ராக்கும்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1948 ஜூன் 21 அன்று, தன் நினைவகத்திலேயே நிரலை வைத்துக்கொண்டு முதன்முதலாக ஓடிய ‘பேபி’ என்ற சோதனைக் கணினியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். இரண்டு பத்திதான் என்றாலும், அதற்கு மும்பை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகம். ஆகவே இந்த இதழின் பகுதியை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் பாடப்புத்தகத்தில் முதல் மின்னணுக் கணினி எனியாக் என்று இருக்கிறது. நீங்கள் பேபியை முதலாவது என்கிறீர்கள். எது சரி?
*கல்லூரி மாணவி, செம்பூர்*

இரண்டும் சரிதான். ‘முதல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த அடைமொழி வருகிறது என்பதைக் கவனித்துப் படித்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

எனியாக், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூர் பொறியியல் பள்ளியில் ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் உருவாக்கி, 1946 பிப்ரவரியில் வெளியுலகுக்குக் காட்டிய இயந்திரம். சுமார் 18,000 வால்வுகளும் (டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் அதன் வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய்கள்) 30 டன் எடையும் கொண்ட அது, எந்தக் கணக்கையும் போடக்கூடிய மின்னணு இயந்திரமாக இருந்தது. ஆனால் ஒரு கணக்கை முடித்துவிட்டு வேறு வகைக் கணக்கைத் தொடங்க வேண்டுமென்றால், கேபிள்களைப் பிடுங்கி வேறு இடங்களில் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். இதற்குச் சில நேரம் நாள்கணக்கில் ஆகும். அதாவது எனியாக்கின் நிரல், அதன் வயர்களில் இருந்தது.

எண்களை வைக்கும் அதே நினைவகத்தில் கட்டளைகளையும் வைத்துவிட்டால் வயர்களைத் தொடவே வேண்டியதில்லை என்ற கருத்து, ஜான் வான் நியூமன் பெயரில் 1945 ஜூனில் வெளியான ஓர் அறிக்கையில் தெளிவாக எழுதப்பட்டுவிட்டது. காகிதத்தில் எழுதப்பட்ட அந்தக் கருத்து இயந்திரமாக மாறுவதற்கு மூன்று ஆண்டுகள் ஆனதற்குக் காரணம், மின்னணு வேகத்தில் எழுதவும் படிக்கவும் கூடிய நினைவகம் யாரிடமும் இல்லாததுதான். அந்த மூன்று ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த ஓட்டத்தை நான் நினைவகத்தைத் தேடிய ஓட்டம் என்றே பார்க்கிறேன். அதில் பேபி முந்திக்கொண்டது. தேர்வில் கேள்வி ‘நிரலைச் சேமித்து இயங்கிய முதல் மின்னணுக் கணினி’ என்று இருந்தால் மட்டும் பேபி என்று எழுதுங்கள்.

அய்யா, நான் இருபது வருடம் பிக்சர் டியூப் டிவி ரிப்பேர் பார்த்தவன். பேபியில் நினைவகமாக இருந்தது ஒரு பிக்சர் டியூப் என்று எழுதியிருந்தீர்கள். டியூப் படம் காட்டும். அது எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்?
*டிவி மெக்கானிக், தாராவி*

இந்தக் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் கையிலேயே இருக்கிறது. செட்டை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுகூட, டியூபைக் கழற்றுவதற்கு முன்னால் அதை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தானே கை வைப்பீர்கள்? மின்சாரம் நின்ற பிறகும் அந்தக் கண்ணாடி மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். டிவியை அணைத்த கையோடு திரைக்கு அருகே முழங்கையைக் கொண்டுபோனால், படபடவென்ற மெல்லிய ஓசையோடு ரோமங்கள் எழுந்து நிற்பதைப் பழைய பெட்டி டிவி இருந்த வீடுகளில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் இருந்த டிவியின் முன்னால் நானும் என் தங்கையும் போட்டி போட்டுக்கொண்டு இதைச் செய்திருக்கிறோம். பேபியைக் கட்டிய குழுவின் தலைவர் பேராசிரியர் ஃபிரெடரிக் வில்லியம்ஸ் பிடித்துக்கொண்டது இந்த மின்னேற்றத்தைத்தான்.

டியூபின் உட்புறம் பூசப்பட்டிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளின் மேல் எலெக்ட்ரான் கற்றை ஓரிடத்தில் மோதும்போது, வந்து விழுகிற எலெக்ட்ரான்களைவிட அதிகமான எலெக்ட்ரான்கள் அங்கிருந்து தெறித்து வெளியேறுகின்றன. அதனால் அந்த இடத்தில் நேர் மின்னேற்றம் கொண்ட ஒரு சிறு பள்ளம் உண்டாகிறது. கற்றையை அங்கேயே நிறுத்திவிட்டால் பள்ளம் அப்படியே இருக்கும். கற்றையைச் சற்று நகர்த்தி ஒரு சிறு கோடாக இழுத்தால், புதிதாகத் தெறிக்கும் எலெக்ட்ரான்கள் போய் முதல் பள்ளத்தை நிரப்பிவிடும். புள்ளியாக விட்டால் 0, கோடாக இழுத்தால் 1. கண்ணாடிக்கு வெளியே முகப்பை ஒட்டி ஓர் உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். கற்றை மறுபடியும் அதே இடத்தைத் தொடும்போது, அங்கே இருப்பது பள்ளமா, நிரம்பிய இடமா என்பதைப் பொறுத்து அந்தத் தகட்டில் வேறுபட்ட துடிப்பு தோன்றும். அதுதான் படித்தல்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. டிவி திரையில் உள்ள மின்னேற்றத்தைப் போல இது நீடிப்பதில்லை. ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் பள்ளத்தின் ஓரங்கள் கசிந்து கரைந்துவிடும். மார்கழியில் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை, அரிசி மாவுக்குப் பதிலாக ஈர விரலால் சித்திரை வெயில் தரையில் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் புள்ளியை வைப்பதற்குள் முதல் புள்ளி உலர்ந்திருக்கும். வில்லியம்ஸும் அவருடைய உதவியாளர் டாம் கில்பர்னும் கண்ட தீர்வு, உலர்வதற்கு முன் ஒவ்வொரு புள்ளியையும் படித்து அதே இடத்தில் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு மின்சுற்று. இடைவிடாமல் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கும் வரை கோலம் அழியாது. இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கும் ரேம் சில்லும் ஒவ்வொரு வினாடியும் பல முறை தன்னைத்தானே இப்படித்தான் திரும்ப எழுதிக்கொள்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பதில் சிலிக்கான் இருக்கிறது, அவ்வளவுதான்.

பேபியின் முதன்மை டியூபில் 32 வரிசை, வரிசைக்கு 32 இடம், ஆக மொத்தம் 1,024 இடங்கள். இன்னும் இரண்டு டியூபுகளில் ஒன்று கணக்கின் நடப்பு விடையையும், மற்றொன்று எந்தக் கட்டளை நடக்கிறது என்பதையும் வைத்திருந்தன. உலோகத் தகடு மறைப்பதால் நினைவக டியூபின் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்காக, அதில் இருப்பதை அப்படியே காட்டும் தனி டியூப் ஒன்றை வைத்திருந்தார்கள். அச்சுப்பொறி கிடையாது, விடையை அந்தத் திரையின் புள்ளிகளையும் கோடுகளையும் பார்த்து மனிதர்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

பேபி போட்ட முதல் கணக்கு, 262,144 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களில் அந்த எண்ணைத் தவிர்த்து மிகப் பெரியது எது என்பது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ‘பாதிதானே தாத்தா, 131,072’ என்று உடனே சொல்லிவிட்டாள். இதற்கு அந்த இயந்திரம் 52 நிமிடம் எடுத்துக்கொண்டதாம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?
*ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், கல்யாண்*

உங்கள் பேத்திக்கு என் வாழ்த்து. அவளுக்கு விடை தெரிந்திருப்பதுதான் அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும்.

பேபி, கணக்குப் போடுவதற்காகக் கட்டப்பட்ட இயந்திரமன்று. 1947 இறுதிக்குள்ளேயே கில்பர்ன் ஒரு டியூபில் 2,048 இலக்கங்களை மணிக்கணக்கில் அழியாமல் வைத்துக் காட்டிவிட்டார். ஆனால் சும்மா வைத்திருப்பது வேறு. ஒரு கணினி செய்வது போல, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெவ்வேறு இடங்களைப் படித்து, அழித்து, மாற்றி எழுதும்போதும் மற்ற இடங்கள் கலையாமல் இருக்குமா என்பது வேறு. அதைச் சோதிப்பதற்கு ஒரு கணினியையே கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே இருப்பதிலேயே மிகச் சிறிய கணினியைக் கட்டினார்கள். வில்லியம்ஸ், கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகிய மூவருமே போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர்கள். டியூபுகள் ரேடாருக்காகச் செய்யப்பட்டவை. ‘மிகச் சிறிய’ என்றாலும் சுமார் 5 மீட்டர் நீளமும் ஒரு டன் எடையும் 550 வால்வுகளும் கொண்டது அது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கில்பர்ன் எழுதிய நிரலில் 17 கட்டளைகள். அது 262,143 என்ற எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, ஒவ்வோர் எண்ணையும் கழித்துக் கழித்துப் பார்த்து, மீதி வருகிறதா என்று சோதித்தது. குறுக்கு வழி எதையும் அதற்குச் சொல்லித்தரவில்லை. 52 நிமிடங்களில் சுமார் 35 லட்சம் செயல்கள். அவற்றில் ஏதாவது ஒன்றின்போது, 1,024 இடங்களில் ஏதாவது ஒரு புள்ளி கோடாக மாறியிருந்தால் விடை தப்பியிருக்கும், அல்லது இயந்திரம் முடிவில்லாமல் ஓடியிருக்கும். அதற்கு முந்தைய நாட்களில் அப்படித்தான் நடந்தது. பொத்தானை அழுத்தியதும் திரையில் புள்ளிகள் வெறி பிடித்தாற்போல் ஆடத் தொடங்கும். அது பயனுள்ள எந்த விடைக்கும் இட்டுச் செல்லாத மரண நடனமாக இருந்தது என்றும், எங்கே தவறு என்பதற்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை என்றும் வில்லியம்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு ஒரு நாள் ஆட்டம் நின்று, எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த விடை ஒளிர்ந்தது.

131,072 என்பதை இரும எண்ணாக எழுதிப் பார்க்கும்படி பேத்தியிடம் சொல்லுங்கள். 32 இடங்கள் கொண்ட வரியில் ஒரே ஒரு 1 மட்டும் வரும், மற்ற 31 இடங்களும் 0. முப்பத்தொரு புள்ளிகளுக்கு நடுவே ஒற்றைக் கோடு சரியான இடத்தில் வந்து நிற்பதைக் காண அந்த மூவரும் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று எண்ணும்போது, அந்தக் கணக்கைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேபிக்குக் கூட்டல் தெரியாது என்று படித்தேன். கூட்டல் தெரியாத கணினியா?
*பள்ளி ஆசிரியை, டோம்பிவிலி*

ஆம். அதற்கு ஏழு கட்டளைகள்தாம் தெரியும். கணிதச் செயல் என்று பார்த்தால் கழித்தலும், ஓர் எண்ணின் குறியை மாற்றி எடுத்துக்கொள்வதும் மட்டுமே. உங்கள் மாணவர்களுக்குக் கரும்பலகையில் இப்படிப் போட்டுக் காட்டலாம். 5-ஐயும் 3-ஐயும் கூட்ட வேண்டும். முதலில் 5-ஐக் குறி மாற்றி எடுத்தால் −5. அதிலிருந்து 3-ஐக் கழித்தால் −8. அதை நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி குறி மாற்றி எடுத்தால் 8. கூட்டல் முடிந்தது. கூட்டுவதற்கென்று தனிச் சுற்று கட்டாமல் மிச்சப்படுத்திய வால்வுகளுக்காக நிரல் எழுதுபவர் இரண்டு படிகள் அதிகமாக எழுதுகிறார். ஏழு கட்டளைகளைக் குறிக்க மூன்று இரும இலக்கங்களே போதும் என்பதும் அந்தச் சிக்கனத்தின் பகுதிதான்.

பேபியைச் செய்தவர் ஆலன் டூரிங் அல்லவா?
*வாசகர், சயான்*

அல்ல. டூரிங் மான்செஸ்டருக்கு வந்து சேர்ந்தது 1948 அக்டோபரில். பேபி அதற்கு முன்பே ஓடிவிட்டது. அங்கே அவரை வரவழைத்தவர் கணிதப் பேராசிரியர் மேக்ஸ் நியூமன். பேபி வளர்ந்து உருவான ‘மார்க் 1’ கணினிக்கு நிரல் எழுதியதில் டூரிங்குக்குப் பங்கு உண்டு. ஆனால் சாலிடரிங் இரும்பைப் பிடித்து அந்த இயந்திரத்தை எழுப்பியவர்களின் பெயர்கள் டூரிங்கின் புகழுக்குள் மறைந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் என்ன செய்துகொண்டிருந்தன?
*வங்கி ஊழியர், வாஷி*

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ், நினைவகச் சிக்கலுக்கு வேறொரு வழியில் போனார். பாதரசம் நிரப்பிய நீண்ட குழாயின் ஒரு முனையில் ஒலித்துடிப்பாக இலக்கங்களை அனுப்பி, மறுமுனையில் வந்ததும் பிடித்து, மீண்டும் முதல் முனைக்கே அனுப்புவது அவர் கையாண்ட முறை. குழாய்க்குள் பயணம் செய்துகொண்டிருக்கும் வரை அந்த எண் நினைவில் இருக்கும். எட்சாக் என்ற அந்தக் கணினி 1949 மே 6 அன்று 0 முதல் 99 வரையான எண்களின் வர்க்க அட்டவணையை அச்சிட்டுத் தந்தது. பேபி ஒரு சோதனைச் சட்டகம் என்றால், எட்சாக் பல்கலைக்கழகத்தின் பிற துறையினர் அன்றாடம் வந்து தங்கள் கணக்குகளைப் போட்டுக்கொண்ட கணினி. தேநீர்க் கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம் அதற்குப் பண உதவி செய்துவிட்டு, அதே வடிவமைப்பைப் பின்பற்றித் தன் அலுவலகத்துக்கென்று ‘லியோ’ என்ற கணினியைக் கட்டி, 1951-இல் அதில் கணக்கு வேலையைத் தொடங்கியது.

நம் மும்பையில் அப்படி ஏதாவது நடந்ததா? தமிழர் ஒருவர் இங்கே கணினி செய்தார் என்று என் தகப்பனார் சொல்வார்.
*வாசகி, மாட்டுங்கா*

உங்கள் தகப்பனார் சொன்னது உண்மை. சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்துவிட்டு, 1954-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர் ஆர். நரசிம்மன். அவருடைய தலைமையில் இளைஞர் குழு ஒன்று முதலில் ஒரு சிறிய முன்னோடி இயந்திரத்தை 1956-இல் இயக்கிப் பார்த்து, பிறகு 1960-இல் முழு அளவுக் கணினியை முடித்தது. 1962 ஜனவரியில் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். அந்த நிலையம் அன்று பல்கலைக்கழகமாக இருக்கவில்லை என்றாலும், மான்செஸ்டரில் நடந்ததைப் போலவே இங்கும் கட்டியவர்கள் கட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். குழுவில் அதற்கு முன் கணினியை வடிவமைத்தவர் எவரும் இல்லை.

டிஃப்ராக்கில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. நினைவகம் டியூப் அன்று. ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன நுண்ணிய வளையங்கள். சரம் தொடுப்பது போல வளையங்களுக்குள் மெல்லிய கம்பிகளைக் கோத்து, வளையம் எந்தத் திசையில் காந்தமாகியிருக்கிறது என்பதை 0 என்றும் 1 என்றும் கொள்வார்கள். 40 இலக்கம் கொண்ட 2,048 சொற்கள் அதில் அடங்கின; பெருக்கிப் பார்த்தால் 81,920 இலக்கங்கள். பேபியின் புள்ளிகளைப் போல இவை தாமாகக் கரைவதில்லை. ஆனால் ஒரு வளையத்தைப் படிக்கும்போதே அதில் இருந்தது அழிந்துவிடும். படித்த கையோடு திரும்ப எழுத வேண்டும். தாராவி வாசகருக்குச் சொன்ன அதே மறு எழுத்து வேலை இங்கே வேறு காரணத்துக்காக வந்து நிற்கிறது.

நரசிம்மன் பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, படங்களை இயந்திரம் புரிந்துகொள்வது பற்றிய ஆய்வில் ஈடுபட்டார். இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. அவர் பெயரை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

1960-இல் டிரான்சிஸ்டர் கணினிகள் வந்துவிட்டன. அப்போது வால்வுகளை வைத்து டிஃப்ராக் கட்டியது வீண்செலவுதானே? ஒன்றை வாங்கியிருக்கலாமே?
*மென்பொருள் பொறியாளர், முலுண்ட்*

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது; முடிக்கப்பட்டபோதே டிஃப்ராக் பழையதாகிக்கொண்டிருந்தது, அறுபதுகளின் நடுப்பகுதியில் ஓய்வும் பெற்றுவிட்டது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிலையம் நீங்கள் சொல்லும் வழியில்தான் சென்று, ஐம்பதுகளின் நடுவிலேயே இங்கிலாந்திலிருந்து ஒரு கணினியை வரவழைத்துப் பயனுள்ள வேலைகளைச் செய்தது. எனினும் வீண்செலவு என்பதை நான் ஏற்கவில்லை. 1964-இல் அதே டாடா நிலையத்துக்கு சிடிசி 3600 என்ற பெரிய அமெரிக்கக் கணினி வந்து இறங்கியபோது, கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு வயராக அறிந்தவர்கள் அதை வரவேற்க இங்கே இருந்தார்கள் என்றால், அது டிஃப்ராக்கினால்தான்.

எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. பேபி ஓடிய நான்கே மாதங்களில், பேராசிரியர் வில்லியம்ஸ் சொல்கிறபடி ஒரு கணினியைச் செய்து தரும்படி பிரிட்டிஷ் அரசு மான்செஸ்டரிலேயே இருந்த ஃபெராண்டி நிறுவனத்துக்கு ஆணை கொடுத்தது. பல்கலைக்கழகம் கண்டதைத் தொழிற்சாலை எடுத்துச் செய்ததால், 1951 பிப்ரவரியில் ஃபெராண்டி மார்க் 1 விற்பனைக் கணினியாக வெளிவந்தது. மும்பையில் அந்த இரண்டாவது கை நீளவில்லை. டிஃப்ராக் ஒன்றோடு நின்றது. டிராம்பேயில் வடிவமைத்த டிடிசி 12 கணினியை ஐதராபாத்தின் அரசு நிறுவனமான ஈசிஐஎல் 1969-இல் வெளியிடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வருத்தப்படுவதென்றால், கட்டியதற்காக அல்ல, கட்டியதைத் தொடராததற்காக வருத்தப்படுவேன்.

பேபியை இப்போது பார்க்க முடியுமா? என் மகன் இங்கிலாந்தில் படிக்கிறான்.
*வாசகர், ஆண்டாப் ஹில்*

அசல் பேபி இல்லை. சோதனை வெற்றி பெற்ற நாளிலிருந்தே அதில் புதிய பாகங்களைச் சேர்த்துச் சேர்த்து மார்க் 1 ஆக்கிவிட்டார்கள். மார்க் 1-ஐயும் 1950-இல் பிரித்துவிட்டார்கள். ஆனால் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக, கிறிஸ்டோபர் பர்ட்டன் என்பவரின் தலைமையில் பழைய குறிப்புகளையும் புகைப்படங்களையும் வைத்து, அந்தக் காலத்து வால்வுகளையே தேடிப் பிடித்து, இயங்கக்கூடிய மறுபடைப்பு ஒன்றைக் கட்டினார்கள். கில்பர்னும் டூட்டிலும் அப்போது உயிருடன் இருந்தார்கள். 1998 ஜூன் 21 அன்று, அதே கணக்கைப் போடும் நிரலோடு அது ஓடியது. மான்செஸ்டரில் உள்ள அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அதை இயக்கிக் காட்டும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகும்படி மகனிடம் சொல்லுங்கள். நின்றிருக்கும் இயந்திரத்தைப் பார்த்தால் அலமாரிகளும் வயர்களும்தான் தெரியும். பச்சைத் திரையில் அந்தப் புள்ளிகள் எழுதப்படுவதை நேரில் பார்க்க வேண்டும்.